கூடையில் வந்த ஐஸ்

அனிலினுக்கு மீன் வாசனை என்று எங்கள் வேதியியல் செய்முறைப் புத்தகத்தில் போட்டிருந்தது. அது தப்பு என்று எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் எழுந்து நின்று சொன்னான். இன்னொருவன் நான்.

சொன்னவன் என் அத்தை மகன், எனக்கு மச்சான். அந்த வகுப்பில் யாருக்கும் அது தெரியாது.

என்னைப் பெற்றவள் நான் கைக்குழந்தையாக இருந்தபோதே கண்ணை மூடிவிட்டாள். கடலோர வீராம்பட்டினத்தில் அப்பாவின் தங்கை வீட்டில்தான் வளர்ந்தேன். அத்தை மகனும் நானும் ஒரே பாயில் தூங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே அம்மை போட்டு எழுந்தவர்கள். அப்பா கட்டுமரக்காரர் வீட்டில் பிறந்து, படித்து, குமாஸ்தா ஆனவர். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுக்கு அவருக்கு வேலை மாற்றலானது. பழைய ஆட்கள் அதை அப்போதும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரில் ‘மேரி’ என்றுதான் சொல்வார்கள். போகும்போது என்னையும் அழைத்துக்கொண்டார். சுற்றிலும் நெல்லும் கரும்புமாக இருந்த அந்த ஊரில், யாராவது கேட்டால் டவுனிலிருந்து வந்தோம் என்று சொல் என்றார். சொன்னேன். பள்ளியில் எனக்கு ‘டவுன்’ என்றே பெயர் விழுந்தது.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அவர் ஆபீஸிலிருந்து வந்து பேப்பர் படிப்பார். நான் பாடம் படிப்பேன். பேச்சுக்குரல் வேண்டும் போல் இருந்தால் ரேடியோவைப் போடுவோம்.

அத்தை எப்போதாவது மீன் கொண்டுவருவாள். கூடையோடு வாசல் வழியாக வருவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அதனால் கொல்லைப் பக்கமாக வந்து, படலில் ஒரு கோணிப்பையை மாட்டிவிட்டுப் போய்விடுவாள். பள்ளிவிட்டு வந்தால் பை தொங்கும். அத்தையைப் பார்ப்பது அபூர்வமாகி, பையைப் பார்ப்பதுதான் அவளைப் பார்ப்பது என்று ஆகிவிட்டது.

மச்சான் பத்தாவது முடித்த வருஷம் அத்தை வாசல் வழியாகவே வந்தாள், கூடை இல்லாமல், மகனோடு. அவர்கள் பக்கத்தில் சயன்ஸ் குரூப்பில் இடம் கிடைக்கவில்லை. எங்கள் பள்ளியில் அப்பா சொன்னால் கிடைக்கும். அப்பா சொல்லி வாங்கிக்கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

“அங்க போயி மாமா, மச்சான்னு சொந்தம் கொண்டாடிக்கினு நிக்கக் கூடாது.”

“சரி மாமா” என்றான் மச்சான். பிறகு ஒரு கணம் யோசித்து, “இங்க சொல்லலாமா மாமா?” என்று கேட்டான்.

தவளக்குப்பத்தில் பஸ் மாறி அவன் வந்து சேர்ந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நேராக என் பெஞ்சுக்கு வந்தான்.

“இந்த எடத்துல யாருனா கீறாங்களாப்பா?”

“இல்ல.”

“உம் பேரு இன்னாப்பா?”

சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் தலையை ஆட்டினான். “நல்ல பேரு. யாரு வச்சது?”

அந்தப் பெயரை எனக்கு வைத்தது அவன் அம்மா.

அவன் அந்த விளையாட்டை ஒரு நாளும் தப்பாக ஆடவில்லை. வகுப்பில் அவனுக்கு ‘வஞ்சரம்’ என்று பட்டம் வைத்தார்கள். வைத்தவன் சேகர், பெரிய கரும்புத் தோட்டக்காரர் மகன். யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டு, “வஞ்சரம், தள்ளி ஒக்காருடா” என்றால் மச்சான் தள்ளி உட்காருவான். நானும் மற்றவர்களோடு சிரித்திருக்கிறேன். ஆய்வகத்தில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே மேசை. அங்கே இருந்த ஒரே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் தகரத் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. சோதனைக் குழாயைக் கழுவும் அந்த நேரத்தில்தான் அவன் என்னை மச்சான் என்று கூப்பிடுவான்.

அந்த ஆய்வகம் முன்பு நெல் மூட்டை போட்டுவைத்திருந்த ஓட்டுக் கட்டடம். கரிமச் சேர்மங்களைக் கண்டுபிடிப்பதுதான் அதில் எங்களுக்குப் பெரிய வேலை. பெயர் சொல்லாமல் ஒரு சோதனைக் குழாயில் ஏதோ ஒன்றைக் கொடுப்பார்கள். நிறம் பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், கொஞ்சம் எடுத்து எரித்துப் பார்க்க வேண்டும். கரும்புகையோடு எரிந்தால் ஒரு குடும்பம், புகையில்லாமல் எரிந்தால் வேறு குடும்பம். சோடா உப்புக் கரைசலில் நுரைத்தால் அமிலம். வெள்ளி நைட்ரேட்டோடு வெந்நீரில் வைக்கும்போது குழாயின் உட்புறம் கண்ணாடிபோல் மின்னினால் ஆல்டிஹைடு. இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு, வந்தவர் யார், எந்தக் குடும்பம் என்று கடைசியில் சொல்லிவிட வேண்டும்.

தாளில் மூன்று பத்திகள் இருக்கும்: சோதனை, காண்பன, அறிவன. எங்கள் பள்ளியில் மட்டும் அறிவன முதலில் வரும். ஆய்வக உதவியாளர் நல்ல மனிதர். குழாயைக் கொடுக்கும்போது உதட்டை நக்கினால் குளுக்கோஸ், மூக்கைத் தேய்த்தால் அனிலின். பெயர் தெரிந்த பிறகு அதற்கு ஏற்ற காண்பனவற்றைப் புத்தகத்தில் உள்ளபடி எழுதிவிடுவோம். குழாயில் வேறு எதுவும் வந்தால் அது குழாயின் குற்றம்.

மச்சானுக்கு மட்டும் இந்தச் சுருக்குவழி பிடிபடவில்லை. ஒவ்வொன்றையும் செய்து பார்ப்பான். முதல் தடவை வெள்ளி ஆடி வந்தபோது குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, “மச்சான், மூஞ்சி தெரியிதுடா” என்றான். அவன் சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் அந்த அனிலின் வந்தது. எண்ணெய் மாதிரி பழுப்பு நிறத் திரவம். வேதியியல் சார் குழாயைத் தூக்கிப் பிடித்து, என்ன வாசனை என்று கேட்டார். மீன் வாசனை சார் என்றது வகுப்பு. அதில் பாதிப் பேர் வீட்டில் மீன் அடுப்பேறாதவர்கள்.

மச்சான் எழுந்தான். “மீனு வாசன இல்ல சார்.”

“புத்தகத்துல போட்டிருக்கேப்பா.”

“எந்த மீனு சார்?”

ஆய்வகம் சிரிப்பில் அதிர்ந்தது. அவன் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தான்.

“சங்கராவுக்கு ஒரு வாசம் சார், காரப்பொடிக்கு ஒரு வாசம். சுறான்னா கொஞ்சம் மூத்திர வாடகூட அடிக்கும். அப்ப புடிச்ச மீனுக்கு வாசமே கெடையாது சார், கடத்தண்ணி வாசந்தான். இது பெயிண்டு டப்பா மாரி கீது.”

“சார், வஞ்சரத்துக்கு மூக்கு மரத்துப்போச்சு சார்” என்றான் சேகர்.

சாரும் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பிரச்சினையை நியாயமாகத் தீர்க்க நினைத்து என் பக்கம் திரும்பினார். “டவுன், நீ சொல்லுப்பா. நீ பொதுவான ஆளு. மீன் வாசனை வருதா, இல்லையா?”

மோந்து பார்த்தேன். பெயிண்டு டப்பாதான். அத்தையின் கூடைக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்தவனுக்கு அதில் சந்தேகம் வராது.

“வருது சார்.”

மச்சான் உட்கார்ந்தான். குழாய் கழுவப் போனபோது தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டு, “டேய், உனுக்கு சளி கிளி புடிச்சிருக்கா?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டான்.

அனிலினை உறுதிசெய்ய ஒரு சாயச் சோதனை உண்டு. அமிலத்தில் கரைத்து, சோடியம் நைட்ரைட் சேர்த்து, பிறகு பீட்டா நாஃப்தாலை ஊற்றினால் ஆரஞ்சுச் சிவப்பில் பளிச்சென்று சாயம் வரும். ஆனால் எல்லாவற்றையும் ஐஸில் வைத்துச் செய்ய வேண்டும். சூடு ஏறினால் சாயம் வராது. பழுப்பாகக் கலங்கிப் போகும். எங்கள் பள்ளியில் ஐஸுக்கு எங்கே போவது? அதனால் சார், “ஐஸ் இருக்குன்னு வச்சிக்குங்க” என்பார். வைத்துக்கொண்டோம். சாயமும் வந்ததாக வைத்துக்கொண்டோம்.

“வச்சிக்கினா சாயம் வருமா சார்?” என்று கேட்டான் மச்சான்.

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப நீயே கொண்டாடா.”

“கொண்டாறன் சார். எங்க அம்மாகிட்ட சொன்னா எடுத்துக்கினு வரும். மீனுக்குப் போடற ஐஸு, எங்க ஊருல பாறை பாறையா கெடக்குது.”

சார் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். வெளியூர்த் தேர்வாளர் வரப்போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. “பரீட்ச அன்னைக்கு வருமா?” என்றார், குரலை இறக்கி.

“வரும் சார்.”

செய்முறைத் தேர்வன்று காலையில் மச்சானும் நானும் ஒரே அணி. சேகரும் வேறு சிலரும் அடுத்த அணி. கேட்டுக்குப் பக்கத்துப் புங்கமரத்தடியில் காத்திருந்தார்கள். உதவியாளர் என்னிடம் குழாயை நீட்டும்போது சட்டைப் பித்தானைத் துடைத்துக் காட்டினார். வெள்ளி ஆடி வரும் என்று அர்த்தம். மச்சானிடம் மூக்கைத் தேய்த்தார். அவனைத் தவிர இன்னும் இரண்டு பேருக்கும் மூக்கு.

என் ஆடி சீக்கிரமே வந்துவிட்டது. தேர்வாளர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “குட்” என்றார். அதில் தெரிந்தது அவர் முகம்தான். மச்சான் அனிலினை அமிலத்தில் கரைத்துத் தண்ணீர்க் குவளையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றான். சார் என்னைக் கூப்பிட்டார். “நீ முடிச்சிட்டியே. கேட்டுல ஐஸ் வந்திருந்தா வாங்கிட்டு வா. சீக்கிரம்.”

மைதானத்தின் பாதியிலேயே அத்தையைப் பார்த்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே, கூடையைத் தரையில் இறக்கி, கோணியும் மரத்தூளும் போட்டு மூடி, அதன்மேல் தன் முந்தானையால் நிழல் பிடித்துக்கொண்டு நின்றாள். மீன்காரம்மா உள்ளே வரக்கூடாது என்று வாட்ச்மேன் தடுத்திருக்க வேண்டும். அவளும் என்னைப் பார்த்தாள். பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நான் வளர்ந்திருந்தேன்; மீசைகூட லேசாக அரும்பியிருந்தது. அவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது, அண்ணன் போட்ட நிபந்தனை உட்பட.

“அதோ, எங்க அண்ணன் புள்ள வருது பாரு!” என்றாள் வாட்ச்மேனிடம். முகமெல்லாம் சிரிப்பு.

மரத்தடியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். சேகர் எழுந்தே நின்றுவிட்டான். “இன்னாடா டவுனு? வஞ்சரத்தோட அம்மாவுக்கு நீ அண்ணன் புள்ளையா?”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதற்குள் அத்தை என் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

“இல்லப்பா” என்றாள் சேகரிடம். “ஆள் மாறிப் போச்சி. வெயில்ல கண்ணு தெரியில. அது வேற புள்ள.” பிறகு என்னிடம், ஊரான் பிள்ளையிடம் பேசுவதுபோல, “தம்பி, சாரு ஐஸு கேட்டாராம். கரையறதுக்குள்ள எடுத்துக்கினு போப்பா” என்றாள்.

கூடையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவள் வழியை எவ்வளவு சுலபமாக்கிக் கொடுத்திருந்தாள்! ஆனால் அந்தக் கூடையைத் தூக்கினால் தண்ணீர் சட்டையில் சொட்டும். சேகர் பார்ப்பான். உள்ளே போனால் சார் அந்தம்மாவைக் கூப்பிடுங்கப்பா என்பார். அவள் உள்ளே வந்து மகனுக்கும் எனக்கும் நடுவில் நிற்பாள். அவள் முகத்தில் மறுபடியும் அந்தச் சிரிப்பு வந்துவிட்டால்?

“இங்கியே இருக்கட்டும். சார கேட்டுட்டு வர்றேன்” என்று திரும்பி நடந்தேன்.

உள்ளே போய், “ஐஸ் வரல சார்” என்றேன்.

சார் சலிப்போடு கையை விரித்தார். மச்சான் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். நான் தலையை ஆட்டினேன். குழாயடிக்கு வந்து தண்ணீரைத் திறந்தான்.

“பஸ்ஸு லேட்டாயிருக்கும் மச்சான்” என்றான், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. “எங்கம்மா வராம இருக்காது.”

முடிகிறவரை காத்திருந்தான். கடைசியில் குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரில் வைத்தே சோதனையைச் செய்தான். குழாயில் குமிழி விட்டது. நாஃப்தாலை ஊற்றியதும் பழுப்பாகக் கலங்கியது. மற்ற இரண்டு மூக்குக்காரர்களுக்கும் அதே பழுப்புதான். அவர்கள் ‘ஆரஞ்சுச் சிவப்புச் சாயம் தோன்றியது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஐஸ் இல்லாததால் யாருக்கும் நஷ்டமில்லை, பார்த்ததை எழுதுகிறவனைத் தவிர.

பிறகு சார் எங்களிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். “வாசனைன்னு கேட்டா, மீன் வாசனை இல்லைன்னு எழுதறான். சாயம் வரலைன்னு எழுதறான். அமீன் குடும்பமே இல்லைன்னு முடிச்சிட்டான். அது அனிலின்னு அவனுக்குத் தெரியும்யா! கேட்டா, பாக்காதத எப்டி சார் பாத்தேன்னு எழுதறதுங்கறான்.”

செய்முறையில் போனவன் மொத்தமாகப் போனவன். அவன் மறுபடி எழுதவில்லை. மாமா சொன்னால் டவுனில் கல்லூரியில் சேர்ந்து லேப் வேலைக்குப் போகலாம் என்று ஆசை வைத்திருந்தவன், அந்த மழைக்காலத்துக்குள் மீன் பிடிக்கப் படகேறிவிட்டான். அப்பா, “அவன் தலையெழுத்து” என்றார். நான் கல்லூரிக்குப் போனேன். வேதியியலே படித்து வேதியியலே கற்பித்தேன். சாயச் சோதனை நாளில் ஐஸ் வந்துவிட்டதா என்று விடிந்ததும் நானே கேட்டில் போய் நிற்பேன். பிள்ளைகள் எனக்கு ‘ஐஸ் வாத்தியார்’ என்று பட்டம் வைத்தார்கள். காரணம் கேட்டவர்களுக்குச் சோதனை கெட்டுவிடும் என்று சொல்லிவைத்தேன்.

அத்தை இப்போது இல்லை. மச்சான் இருக்கிறான். வீராம்பட்டினம் தேருக்குப் போகும்போது எதிரே வந்தால் நின்று, “வாங்க சார், நல்லா கீறீங்களா?” என்று கேட்கிறான். முதல் நாள் பெஞ்சில் பேசினானே, அதே முகம். இது விளையாட்டில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். அன்று கேட்டில் அவன் அம்மா காலையிலிருந்து நின்றிருந்ததை வெளியே போனதுமே பார்த்திருப்பான். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன். மச்சான் என்று கூப்பிட இன்று எனக்கு யாரும் இல்லை.

அன்று சாயங்காலத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

தேர்வு முடிந்ததும் நான் கேட்டுப் பக்கம் போகவில்லை. பின்பக்க வேலியில் இருந்த சந்து வழியாக வெளியே வந்து, கரும்புக் கொல்லைகளைச் சுற்றிக்கொண்டு, பொழுது சாயும்வரை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்பா வரவில்லை. கொல்லைப் படலில் கோணிப்பை தொங்கியது.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. கோபமாக இருப்பவள் மீன் கொடுப்பாளா? வெயிலில் கண் தெரியவில்லை என்று சொன்னாளே, அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. மீசை முளைத்திருந்தது, உயரமும் ஆகியிருந்தேன், அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம். அப்படியே முடிவுசெய்து பையை அவிழ்த்தேன்.

உள்ளே எனக்குப் பிடித்த சங்கரா. சுற்றிலும் மரத்தூள் ஒட்டிய ஐஸ், உள்ளங்கை அகலத்துக்கு, பெரிய பெரிய துண்டுகளாக, இன்னும் கரையாமல் இருந்தது. விரல் மரத்துப்போகிற குளிர்ச்சி. ஒரு மீனை எடுத்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. எவ்வளவு புது மீன் என்று சந்தோஷப்பட்டு, ஐஸை முற்றத்தில் கொட்டிவிட்டு, குழம்புக்குப் புளி ஊறவைக்கப் போனேன்.